சம்பந்தியம்மா ஒட்டிய சிவப்புச் சீட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் வாயால் கேட்டு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது, அதனால் நன்றாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு ஆரம்பிக்கிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் எனக்குக் கோபம் வரும், கோபம் வராவிட்டால் அழுகை வரும், இரண்டும் வராவிட்டால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதம் குறுக்கே பேசாது. இன்று பழம் பிரிக்கிற கொட்டகைக்கு விடுமுறை, அப்பா தோட்டத்துக்குப் போயிருக்கிறார், தம்பி இன்னும் எழுந்திருக்கவில்லை, அதனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. டாக்டர் இனிமேல் மரம் ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், இவர் நான் ஏணியில்தானே ஏறுகிறேன், மரத்திலா ஏறுகிறேன் என்று டாக்டரிடமே வாதம் செய்துவிட்டு வந்தார். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றைக்கு மட்டும் என் காலைத் தொட்டு வணங்கினான், மறுநாளிலிருந்து பழையபடி சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகிறான். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, குழாய்க்காரர் மூன்று தடவை வந்து செய்யாததை உன் அப்பா ஒரு ரப்பர் வளையம் போட்டுச் செய்துவிட்டார், அந்தப் பெருமை இன்னும் ஓயவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திப் போட்டோ காட்டுகிறார், நான் ஆறு தடவை பார்த்தாகிவிட்டது, ஆறு தடவையும் அது தூங்குகிறது.

இனி நீ எதிர்பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும், அதிலும் உன் மாமியார் பக்கத்துப் பாதி, அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி. நம் நாட்டிலும் ஆரஞ்சு, எல்லைக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மா நாட்டிலும் ஆரஞ்சு, இரண்டும் போய்ச் சேர்வது நீ இருக்கிற தூரதேசத்துக்கு. இத்தனை வருஷமாக அங்கே வாங்குகிற கம்பெனிக்காரர்கள் நம்மிடம் அவர்கள் குறைத்துத் தருகிறார்கள் என்பார்கள், அவர்களிடம் இவர்கள் குறைத்துத் தருகிறார்கள் என்பார்கள், இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு இறங்குவோம். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது சும்மாவா. நமக்கு அறுவடை முதலில் வரும், அவர்களுக்கு ஆறு வாரம் கழித்து ஆரம்பம், நடுவில் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் பழம் குவிந்து கிடக்கும். சண்டை எல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குத்தான். ஒரு வருஷம் நம் ஆட்கள் எல்லைச் சாவடியில் அவர்கள் லாரியை மறித்தார்கள், அடுத்த வருஷம் அவர்கள் நம் பழத்தைச் சாலையில் கொட்டினார்கள். அந்த வருஷம் பார்த்துத்தான் நீயும் மாப்பிள்ளையும் அங்கே உட்கார்ந்துகொண்டு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று சொன்னீர்கள்.

இந்த வருஷம்தான் இரண்டு நாட்டு விவசாயிகள் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து பேசின. இனிமேல் ஒரே கப்பல், பெட்டியில் ஒரே முத்திரை, ஒரே தரம். முதல் வாரங்களில் நம் பழம், பிறகு அவர்கள் பழம், நடுவில் இருக்கிற இரண்டு வாரமும் கலந்து ஏற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் ஆள் வந்து நம் கொட்டகைகளைப் பார்க்க வேண்டும், நம் ஆள் போய் அவர்கள் கொட்டகைகளைப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் பெட்டியில் சிவப்புச் சீட்டு. ஒரு மாதத்துக்குள் சரி செய்து காட்டாவிட்டால் அந்தக் கொட்டகைப் பழம் இந்த வருஷம் கப்பல் ஏறாது. நம் கொட்டகையை நம்பி நூற்றிருபது தோட்டம், பழம் பிரிக்கிற நாற்பத்திரண்டு பெண்கள். கப்பல் போய்விட்டால் உள்ளூர்ச் சந்தைதான், அங்கே ஜனங்கள் எத்தனை ஆரஞ்சைத்தான் தின்பார்கள். இந்தக் கவலையோடுதான் நான் மேற்பார்வைக்காரியாக அந்தக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். வந்து இறங்கியது யார், உன் மாமியார். அவர் தன் நாட்டில் தரம் பார்க்கிற தலைமை வேலையில் இருக்கிறார் என்று தெரியும், நம் கொட்டகைக்கே அனுப்புவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. சம்பந்தியம்மா எல்லையில் அனுமதிச் சீட்டு வாங்கி, அவர்கள் தோட்டத்தில் முந்திப் பழுக்கிற சில மரத்துப் பழத்தை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார், நம் வீட்டுக்கென்று. நான் பெண்களிடம் முந்தின நாளே சொல்லிவிட்டேன், நம் சம்பந்தி வருகிறார், பெட்டிகளுக்கு நன்றாக முகம் வையுங்கள் என்று. முகம் வைப்பது உனக்குத் தெரியும், பள்ளிக்கூட லீவில் நீயே என் பக்கத்தில் நின்று வைத்திருக்கிறாய், மூன்று அடுக்குப் பெட்டியில் பெரிய பழத்தையெல்லாம் மேல் அடுக்குக்கு எடுத்துத் துடைத்து ஒரே பக்கம் பார்க்க அடுக்குவது. நம் சந்தையில் இது ஏமாற்று வேலை இல்லை, மரியாதை. வாங்குகிறவனுக்கும் தெரியும் அடியில் சிறியது இருக்கும் என்று, விற்கிறவனுக்கும் தெரியும் அவனுக்குத் தெரியும் என்று. முகம் வைக்காமல் பெட்டி அனுப்பினால்தான் நம் ஊரில் அவமரியாதை செய்துவிட்டான் என்று திட்டுவார்கள். அன்றைக்குப் பார்த்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு முகம் வைத்திருந்தோம், பெட்டிகளைப் பார்த்தால் போட்டோவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி இருந்தன. உன் மாமியார் மேல் அடுக்கைப் பார்க்கவே இல்லை. ஒரு பெட்டியை மேசையில் அப்படியே கவிழ்த்தார். அடி அடுக்கு மேலே வந்தது. அளவு வளையத்தை எடுத்து ஒவ்வொரு பழமாகப் போட்டுப் பார்த்தார், பாதிக்கு மேல் வளையத்தில் நிற்காமல் கீழே விழுந்து மேசையில் உருண்டது. இன்னும் இரண்டு பெட்டியைக் கவிழ்த்தார். பிறகு மூன்றிலும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு என்னைப் பார்த்து, ஒரு மாசம் டைம் இருக்கு சம்பந்தி, என்றார். நாற்பத்திரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் மூடாமல் பேசுவதால் நாம் ரேடியோ என்று கூப்பிடுவோமே, அவளே வாயடைத்துப் போய் நின்றாள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் மட்டும் என்ன யோக்கியம், அவர்கள் பெட்டியை யார் கவிழ்த்துப் பார்த்தது என்று வீட்டில் உன் அப்பாவிடம் கத்தினேன். அவர் ஏணிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சூட்டோடுதான் உனக்குப் போன் செய்தேன். நீ என் பக்கம் பேசுவாய் என்று நினைத்து இரண்டு தடவை நடந்ததைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. அத்தை செஞ்சது சரிதானேம்மா, இங்க கடையில நம்ம நாட்டுப் பெட்டின்னாலே ஜனங்க கையை விட்டு அடியைத் தோண்டிப் பாக்கறாங்க, பக்கத்துல நிக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு, என்றாய். அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அப்பா பழம் அடியில போறதுக்குத்தானேம்மா நீ இவ்வளவு முகம் வைக்கறே, என்று கேட்டாய். நீ யார் பக்கம், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, ஒன்றைச் சொல் என்று நான் கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். லைன் கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன், அது உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் தம்பியை எடுக்கச் சொன்னேன், வேலையாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். அவன் ஒரு தடவை, அம்மா சும்மாதான் உக்காந்திருக்காங்க, ஆனா வேலையா இருக்காங்களாம், என்று சொல்லியிருக்கிறான், அந்தக் கழுதையை அப்புறம் கவனித்துக்கொண்டேன்.

என் கோபத்துக்கும் ஒரு பலன் கிடைத்தது, கேள். உன் மாமியார் கொண்டுவந்த பெட்டியை நான் வீட்டுக்கு எடுத்து வரவில்லை, பிரிக்கக்கூட இல்லை. கொட்டகையில் சாட்சிப் பழம் வைக்கிற அலமாரி இருக்கிறதல்லவா, ஒவ்வொரு லோடிலும் பத்துப் பழம் எடுத்து முப்பது நாள் வைத்திருப்போமே, கப்பல் போய்ச் சேருகிறவரை பழம் எப்படி இருக்கும் என்று பார்க்க, அதன் கீழ்த்தட்டில் தள்ளி வைத்துவிட்டேன். அவர் கொடுத்ததை என் வீட்டில் யாரும் தின்ன வேண்டாம் என்று அத்தனை வீம்பு. பதினெட்டாம் நாள் ரேடியோ மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அக்கா உங்க சம்பந்தி வீட்டுச் சீர் நாத்தம் எடுக்குது, என்று. பிரித்துப் பார்த்தால் பாதிப் பழம் போய்விட்டது. மேல்தட்டில் அதே நாளில் வைத்த நம் பழம் கல் மாதிரி இருக்கிறது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், அழுகல் எல்லாம் காம்பு இருந்த இடத்திலிருந்தே ஆரம்பித்திருக்கிறது. அப்போதுதான் புரிந்தது, அவர்கள் பழத்தைத் திருகிப் பறிக்கிறார்கள். காம்பு இருந்தால் பக்கத்துப் பழத்தைக் குத்தும் என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. அவர்கள் பழத்தில் பெரும்பங்கு பக்கத்துச் சந்தையிலேயே நான்கு நாளில் தின்று தீர்ந்துவிடும், கப்பலில் அழுகினதைக் கம்பெனிக்காரர்கள் காரணம் சொல்லாமல் விலையில் கழித்துக்கொள்வார்கள், அதனால் அவர்களுக்கு இது குறையாகவே தெரிந்ததில்லை. கப்பலில் இருபத்திநாலு நாள் போனால் என்ன ஆகும். நாம் எந்தக் காலத்திலும் கத்தரியில்தான் வெட்டுவோம், மரத்தில் ஒரு வெட்டு, கூடையில் போடுவதற்கு முன்னால் தோலோடு ஒட்டி இன்னொரு வெட்டு, ஒரு பொட்டுக் காம்பு மட்டும் நிற்கும், குத்தவும் குத்தாது அழுகவும் அழுகாது. எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்கவில்லை, அழுகிய பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சிரித்தவளை உலகத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் நம் பக்கத்திலிருந்து அவர்கள் கொட்டகையைப் பார்க்கப் போக வேண்டும், சங்கத் தலைவரிடம் நானே போகிறேன் என்று கேட்டு வாங்கினேன். இரண்டு அழுகல் பழத்தைச் சாட்சிக்குப் பையில் போட்டுக்கொண்டு போனேன், எல்லைச் சாவடியில் அனுமதிச் சீட்டில்லாமல் பழம், செடி, விதை எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று பிடுங்கிவிட்டார்கள். அந்த அதிகாரி பையைத் திறந்ததும் பத்தடி பின்னால் போய்விட்டார், இதை எதுக்கும்மா எடுத்துட்டுப் போறீங்க, என்றார், சம்பந்தி வீட்டுக்கு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நல்ல வேளை தம்பி போனில் போட்டோ எடுத்துக் கொடுத்திருந்தான்.

உன் மாமியார் கொட்டகை சுத்தம், அதைச் சொல்லியே ஆக வேண்டும், தரையில் ஒரு இலை கிடையாது. பெரிய அறுவடைக்கு நாள் இருந்தாலும் முந்திப் பழுத்ததை உள்ளூர்ச் சந்தைக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அதில் மூன்று பெட்டியை அவர் செய்த மாதிரியே கவிழ்த்தேன். மேலே எப்படியோ கீழேயும் அப்படியே, ஒரு பழம்கூட வளையத்தில் விழவில்லை. கொஞ்சம் வயிறு எரிந்தது. பிறகு ஒவ்வொரு பழத்தின் தலையையும் காட்டினேன், காம்பு இல்லை, சின்னக் குழிதான் இருக்கிறது. சாட்சி அலமாரி எங்கே என்றேன், ஒரு வாரப் பழம்தான் வைத்திருந்தார்கள். போட்டோவைக் காட்டி, நீங்கள் எனக்குக் கொடுத்த பெட்டிதான் இது, பதினெட்டு நாளில் இப்படி ஆகிவிட்டது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிவப்புச் சீட்டை எடுத்து ஒட்டினேன். இதற்காகத்தான் அத்தனை தூரம் பஸ்ஸில் போனேன், ஒட்டும்போது பெரிய கொண்டாட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் சீட்டைப் பெட்டியில் வைத்து அழுத்துகிற நேரத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அவர்கள் கொட்டகைப் பெண்கள் முகத்தில் நம் பெண்கள் முகத்தில் பார்த்த அதே பயம். என் சம்பந்தியை அவமானப்படுத்தவா ஒட்டுகிறேன், இல்லை, இந்தப் பழம் போனால் நிஜமாகவே அழுகும், ஒட்டாமல் விட்டால்தான் தப்பு. அப்படியானால் அவர் எனக்கு ஒட்டியதும் அதேதானே. இத்தனை வயதுக்கு மேல் இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு எல்லை தாண்ட வேண்டியிருந்தது.

உன் மாமியார் என்ன செய்தார் தெரியுமா. முகம் சுருங்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, எத்தனையாவது நாள்ல ஆரம்பிக்குது, காம்பு எவ்வளவு நீளம் விடணும், ரெண்டாவது வெட்டு யாரு வெட்டுவாங்க, என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாம் எழுதி முடித்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்க பெட்டியில ஒட்டிட்டு வந்த அன்னிக்கு நான் சாப்பிடலை சம்பந்தி, மருமக முகத்துல எப்படி முழிப்பேன்னு இருந்தது, என்றார். அவ என்ன சொன்னா என்று கேட்டேன். அவகிட்ட நான் சொல்லவே இல்ல, நீங்க சொல்லித்தான் அவளுக்குத் தெரியும், அப்புறம் அவ போன் பண்ணினப்ப, உங்க அம்மா மேல தப்பில்ல, அந்த ஊர்ல அதுதான் பழக்கம்னு நான் எடுத்துச் சொல்றதுக்குள்ள, எனக்குத் தெரியும் அத்தை, எங்க அம்மா பொய் சொல்றவங்க இல்லன்னு அவளே சண்டைக்கு வந்துட்டா, என்றார். நீ இதை என்னிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாய், நான்தான் போனை எடுக்கவில்லையே.

திரும்பி வந்ததும் பெண்களைக் கூப்பிட்டு இனிமேல் முகம் வைப்பது கிடையாது, மூன்று அடுக்குக்கும் ஒரே வளையம் என்று சொன்னேன். ரேடியோ, அப்போ சின்னப் பழமெல்லாம் எங்கக்கா போகும், என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்விதான் பயமாக இருந்தது. நீ போனில் கேட்டது பொய்யில்லை. மேட்டுத் தோட்டத்தில் அப்பாவின் மரங்களுக்கு வயதாகிவிட்டது, பழம் இனிப்பில் குறையில்லை, தோல் மெல்லிசு, ஆனால் அளவு நிற்காது. இருபது வருஷமாக நான் அதை மற்றவர்கள் பழத்தோடு கலந்து அடி அடுக்கில் அனுப்பிக்கொண்டிருந்தேன். முகம் வைப்பது ஊர் வழக்கம்தான், ஆனால் அந்த வழக்கத்தை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டது உன் அப்பாவுக்காக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான், உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் நாளே அப்பாவின் கூடைகள் வந்தன. பத்துப் பழம் போட்டால் ஏழு வளையத்தில் விழுகிறது. எல்லாப் பெண்களும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்பா தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கூடைக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், முழங்கால் வலியோடு எட்டுக் கூடையையும் அவரே வண்டியில் ஏற்றினார், யாரையும் தொட விடவில்லை.

வீட்டுக்கு வந்து என்ன பேசுவது என்று தெரியாமல் கொட்டகையில் இரண்டு தடவை பெருக்கிய இடத்தையே பெருக்கிவிட்டு வந்தேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மன்னிச்சிடுங்க என்று ஆரம்பித்தேன். அவர், என் பழம் அடியில போகுதுன்னு இருபது வருஷமா எனக்குத் தெரியும், என்றார். தெரிந்துமா ஒன்றும் சொல்லவில்லை என்றேன். நீ எனக்காகப் பாடுபட்டுச் செய்யறே, வேண்டாம்னு சொன்னா உன் மனசு நோகும்னு விட்டேன், ஆனா ஒவ்வொரு வருஷமும் பெட்டி போறப்ப எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், என் பழம் நல்ல பழம், அதை எதுக்கு ஒளிச்சு அனுப்பணும், என்றார். அவர் மனம் நோகக் கூடாதென்று நான் மறைத்தேன், என் மனம் நோகக் கூடாதென்று அவர் மறைத்தார், இப்படி இருபது வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் ஒரு பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் கொடுத்தார். நிஜமாகவே நல்ல பழம்தான்.

பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. உன் மாமியாரிடம் போனில் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டேன், ஆமாம், இப்போது நாங்கள் நாள் தவறாமல் பேசுகிறோம். அவர் சின்னதா, தோல் மெல்லிசா, என்று இரண்டு தடவை கேட்டார். அவர்கள் ஊரில் சாறு பிழிகிற ஆலை இருக்கிறதாம். அவர்கள் பழம் பெரியது, தோல் தடிமன், சாறு குறைவு, அதிலும் அறுவடை ஆறு வாரம் கழித்துத்தான், அதுவரை ஆலை சும்மா கிடக்குமாம். நம் சின்னப் பழம் முன்னாலேயே போனால் ஆலையும் முன்னாலேயே ஓடும். அப்பாவிடம் சொன்னதும் அவருக்குச் சுருக்கென்றது, பிழியறதுக்கா என் பழம், என்று அரை நாள் முறைத்துக்கொண்டிருந்தார். ஆலைக்காரர் நேரில் வந்து மேட்டுத் தோட்டத்தில் நின்று பிழிந்து பார்த்து, இந்த மாதிரிச் சாறு எங்க பக்கம் கெடையாதுங்க, என்று சொன்னார். அந்த வார்த்தையை அப்பா தையல்காரரிடம் ஆறு தடவை சொல்லிவிட்டார், பேத்தி போட்டோவுக்குப் பழிக்குப் பழி. விலை கப்பல் பழத்துக்குக் கிடைக்கிற அளவு இல்லைதான், ஆனாலும் மனிதர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது.

ஒரு மாதக் கெடு முடிகிற அன்று உன் மாமியார் மறுபடி பார்க்க வந்தார். இந்தத் தடவை பதினோரு பெட்டியைக் கவிழ்த்தார். வழக்கமாக எத்தனை பார்ப்பீர்கள் என்று கேட்டேன். மூணு, என்றார். எனக்கு மட்டும் ஏன் பதினொன்று என்றேன். சம்பந்தி வீட்டுக் கொட்டகைன்னு விட்டுட்டாள்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாருங்க, என்றார். பதினொன்றும் நின்றது. சிவப்புச் சீட்டைக் கிழித்து அவரே குப்பைக் கூடையில் போட்டார், நம் பெண்கள் போட்ட கூச்சலில் வெளியே லாரி டிரைவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். அவர்கள் பக்கமும் கத்தரி வாங்கியாகிவிட்டது, வெட்டிக் காட்ட ரேடியோவையும் இன்னொருத்தியையும் அனுப்பினோம், ரேடியோ அங்கே போய் நான்கு சிநேகிதிகளோடு திரும்பி வந்திருக்கிறாள். நடுவில் இருக்கிற இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் நம் பழம் ஒரு நாள் அவர்கள் பழம் என்று முடிவாகிவிட்டது. அந்த இரண்டு வாரத்துக்கு இரண்டு நாட்டுப் பெட்டிக்கும் சேர்த்து ஒரே தலைமைத் தரக்காரி வேண்டும் என்று ஓட்டெடுத்தார்கள். நின்றது நாங்கள் இரண்டு பேர்தான், நான் அவருக்குப் போட்டேன், அவர் எனக்குப் போட்டார், மற்றதெல்லாம் சரிபாதி. தலைவர் தலையில் அடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் தேன் என்று நினைத்துவிடாதே. பெட்டியில் எந்த நாட்டின் பெயர் மேலே எந்த நாட்டின் பெயர் கீழே என்று இன்னும் சண்டை நடக்கிறது, முதலில் வருகிற பழம் நம்முடையது, அதனால் மேலே நம் பெயர்தான் என்கிறேன் நான், உன் மாமியார் நன்றாக யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு யோசித்துக்கொண்டே இருக்கிறார். ஆற்றோரத் தோட்டக்காரர் தன் சின்னப் பழத்தை ஆலைக்கு அனுப்ப மாட்டேன் என்று வீம்பாக இருக்கிறார், தெருவில் என்னைக் கண்டால் அந்தப் பக்கம் போய்விடுகிறார். போகட்டும், நானே ஒன்றரை மாதம் வீம்பு பிடித்தவள், அவருக்கு ஒரு அறுவடையாவது கொடுக்க வேண்டாமா.

இனி உனக்கும் எனக்கும் உள்ளது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது, உன் அப்பாவிடமே இருபது வருஷம் கழித்துத்தான் கேட்டிருக்கிறேன். நீ யார் பக்கம் என்று உன்னிடம் நான் கேட்டிருக்கக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாக இருக்கிறவளிடம் பெற்றவள் கேட்கிற கேள்வியா அது. உண்மையைச் சொன்னதற்காக உன்னைத் தண்டித்தேன், அதுவும் பேசாமல் தண்டித்தேன், அது அடிப்பதைவிட மோசம். மன்னித்துவிடு அம்மா.

நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், கை நிறைய வேலையும் மனம் நிறைய நிம்மதியுமாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். அங்கே குளிர் அதிகம் என்று தம்பி சொன்னான், காதை மூடிக்கொண்டு போ, அழகு பார்க்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் முதல் போன் எப்போதும் எனக்குத்தான் வரும், கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறியதில்லை, நான் எடுக்காத வாரங்களிலும் நீ எனக்குத்தான் முதலில் அடித்திருக்கிறாய் என்று தம்பி சொன்னான். உன் மாமியார் அவர்கள் முறை வருகிறவரை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாராம், டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் அவருக்குக் கூப்பிடு. நான் காத்திருக்கிறேன்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அம்மா